கைப்பிடியில் தொங்கிய ஹெல்மெட்

அத்தியாயம் 11

கொட்டகையின் தகரக் கதவை இழுத்துத் திறந்தாள் மெரின். பைக் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

டார்ச்சை அந்தக் கறையின் மேல் அடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தூக்கக் கலக்கமோ என்றுகூடத் தோன்றியது. நேற்று சாயங்காலம் அவள்தான் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். பெட்ரோல் டாங்க் மேல் பழைய போர்வையைப் போர்த்தியதுகூட ஞாபகம் இருந்தது. இப்போது அந்தப் போர்வை நான்காக மடித்து பெஞ்சின் மேல் வைக்கப்பட்டிருந்தது.

திருடன் போர்வையை மடித்து வைப்பானா?

சுவரைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய கணவன் லீத்தின் தோல் ஜாக்கெட்டைக் காணோம். வலிப்பு வந்த நாளிலிருந்து அவன் தொடாத ஜாக்கெட்.

"லீத்!" என்று கூப்பிட்டாள். குரல் வாயிலிருந்து புகையாக வந்ததே தவிர, பதில் எங்கிருந்தும் வரவில்லை.

வெளியே புல், வேலிக் கம்பி, மகளின் சைக்கிள் சீட் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. இந்த வருஷத்தின் முதல் கெட்டியான உறைபனி. இங்கே குளிர்காலம் ஜூனில்தான் தொடங்கும். மே மாதம் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை, அதற்குள் இப்படி. டாஸ்மேனியாவின் இந்த உள்பகுதியில் குளிர் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

மரக்கட்டை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் லீத். சென்ற கோடையில் சமையலறையில் வைத்து முதல் வலிப்பு வந்தது. இரண்டாவது வந்ததும் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், குறுக்கே பாய்ந்த ஒரு வாலபி, கங்காருவின் சிறிய இனம், அவர்களுடைய காரின் முன்பக்கத்தை அப்பளமாக்கிவிட்டது. மிஞ்சியது லீத்தின் பழைய சிவப்பு பைக். கல்யாணத்துக்கு முன்னால் அவளை அதில் பின்னால் உட்காரவைத்துத்தான் ஊர் சுற்றினான். இப்போது அதை அவள் ஓட்டினாள், அவன் வாசலில் நின்று கையாட்டினான்.

அவர்களுடைய ஊரான ஊஸிலிருந்து நியூ நார்ஃபோக் டவுன் வரை, இருட்டில் கிளம்பி, ஒரு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டுக்குப் போய்வந்தாள். மார்ச்சில் அது சந்தோஷமாகக்கூட இருந்தது. ஏப்ரலில் சட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, அதன் மேல் கம்பளி, அதன் மேல் தோல். அப்படியும் வழியில் கிரெட்னா தாண்டுவதற்குள் விரல்கள் வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிடும். ரோடோரம் நிறுத்தி, இன்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு, உயிர் திரும்பும் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு படிந்து மறைக்கும் என்பதால், வளைவு வந்தால் மூச்சை அடக்கிக்கொள்ளப் பழகியிருந்தாள்.

போன வாரம் ஹாமில்டன் பாலத்தின் மேல் அப்படி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தபோதுதான் பின்சக்கரம் நழுவியது. ரோடு காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. கறுப்பு ஐஸ் அப்படித்தான், கண்ணுக்கே தெரியாது. யாரும் பார்க்கவில்லை. எழுந்து, வண்டியைத் தூக்கி நிறுத்தி, வேலைக்கும் போய்விட்டாள். வீட்டில், "கஞ்சிப் பானையைத் தூக்கறப்ப மணிக்கட்டு பிசகிடுச்சு" என்றாள். இன்று காலை அந்த இடது கையில் கம்பளிக் கையுறை மட்டும்தான் நுழைந்தது. வீங்கியிருந்தது.

மெரின் வீட்டுக்குள் ஓடினாள். வலிப்பு வரும் இரவுகளில் அவளை உதைத்துவிடுவோமோ என்ற பயத்தில் லீத் ஹாலில் சோபாவில்தான் படுப்பது. சோபா காலி. அவன் போனுக்கு அடித்தாள். அது சமையல் மேடையில், ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்து அதிர்ந்தது. அதன் பக்கத்திலேயே அவனுடைய காலை மாத்திரை, தண்ணீரோடு, தொடாமல்.

"டாலியா! எழுந்திரு. அப்பாவக் காணோம்."

பதினாறு வயது டாலியா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். "பின்னாடி கோழிக்கூட்டுல இருப்பாரு. இன்னும் விடியலம்மா."

"பைக்கையும் காணோம்."

போர்வை விலகியது. மகளின் முகத்தைப் பார்த்ததுமே, அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று மெரினுக்குப் பட்டது.

"என்னடி?"

"அம்மா... நீ விழுந்தத நான்தான் அப்பாகிட்ட சொன்னேன்."

"நான் விழுந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"பைக்கு ஒரு பக்கம் பூரா உரசியிருக்கு. பிரேக் லிவர் வளைஞ்சிருக்கு. கஞ்சிப் பானையா லிவர வளைச்சுச்சு?" டாலியா எழுந்து உட்கார்ந்தாள். "இனிமே உன்ன இருட்டுல போக விடாதேன்னுதான் சொன்னேன். திட்டுவாருன்னு நினைச்சேன். ஒண்ணுமே சொல்லல. கொட்டகைக்குப் போய் ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு."

மெரின் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

நேற்றுச் சாப்பாட்டின்போது லீத் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. "நான் இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் டவுன்லயே ஒரு ரூம் பாத்து இருந்துடலாம். இந்த ரோடே வேண்டியதில்ல." அதற்கு டாலியா, "அப்ப உன் கருகின ஆட்டுக்கறிய யாரு திங்கறது?" என்று கேட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள். லீத்தும் சிரித்தான்.

"ஷூவைப் போடு. டெஸ் வீட்டுக்கு ஓடு" என்றாள்.

டெஸ் பக்கத்துப் பண்ணைக்காரர். ஆட்டுக்கு மயிர் கத்தரித்துக் கத்தரித்துக் கூனிப்போன முதுகு. பைஜாமாவின் மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பிக்கப் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏறுங்க ரெண்டு பேரும். ஹீட்டர் போன வருஷமே செத்துப்போச்சு. ஒட்டி உக்காந்துக்குங்க." வண்டி நகர்ந்ததும் மெல்லக் கேட்டார். "எந்தப் பக்கம் போயிருப்பான்மா?"

"தெரியல டெஸ்."

"மலைப் பக்கமா, டவுன் பக்கமா?"

"தெரியல!"

அவள் கத்தியதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசல் திருப்பத்தில் நிறுத்தி, ஹெட்லைட் வெளிச்சத்தில் இறங்கிப் பார்த்தார். உறைபனி படிந்த மண்ணில் ஒற்றைச் சக்கரக் கோடு டவுன் பக்கம் திரும்பியிருந்தது.

டாலியா ஒரு ஜன்னலில், மெரின் முன்கண்ணாடியில். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தில் சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று கண் தேடியது. இந்த ரோட்டின் ஒவ்வொரு குழியும் மெரினுக்குத் தெரியும். எந்தச் சரிவில் வெயில் வராது, எந்த மரத்தடியில் ஈரம் காயாது, எங்கே வாலபி காத்துக்கொண்டிருக்கும். ஆனால் எங்கே ஒரு ஆள் விழுந்து கிடப்பான் என்ற கணக்கோடு இதுவரை இந்த ரோட்டைப் பார்த்ததில்லை.

பாலம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். டெஸ் வேகத்தைக் குறைத்தார். "இங்க இல்லம்மா" என்றார்.

போன் அடித்தது. பெவ், சமையற்கட்டு மேற்பார்வையாளர்.

"மெரின், எங்க இருக்க? நாப்பது கெழங்க தட்டோட உக்காந்திருக்கு. கஞ்சி இன்னும் அடுப்புலயே ஏறல."

"பெவ், என் புருஷனக் காணோம். பைக்க எடுத்துட்டுப் போயிட்டான்."

"பைக்கையா? அவருக்குத்தான் வலிப்பு..." பெவ் நிறுத்தினாள். பின்னால் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. "சரி, தேடு. இன்னிக்கு நானே கிண்டிக்கறேன். ஆனா நாளைக்கு உன் இடத்துக்கு வேற யாரையும் போடாம இருப்பேன்னு என்னால சொல்ல முடியாது மெரின். போன மாசமே மேலிடத்துல கேட்டாங்க. சொல்லலேன்னு அப்புறம் வருத்தப்படாதே."

மெரின் போனை மடியில் போட்டாள். நாளை என்ற ஒன்று இப்போது எங்கே இருந்தது?

கிழக்கே வெளுக்க ஆரம்பித்தது. டெர்வென்ட் ஆற்றின் மேல் பனிமூட்டம் கம்பளி மாதிரி கிடந்தது. ஆறு அணையில் தேங்கி ஏரியாக நிற்கும் பக்கம் படகு இறக்கப் பிரியும் மண் ரோட்டைத் தாண்டி வண்டி கொஞ்சம் தூரம் போய்விட்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க தாத்தா!" டாலியா டாஷ்போர்டில் அடித்தாள். "சிவப்பு! அங்க பின்னாடி, மரத்துக்கிட்ட!"

டெஸ் பின்னோக்கியே ஓட்டினார்.

பைக் விழுந்திருக்கவில்லை. மண் ரோட்டின் முடிவில், ஸ்டாண்ட் போட்டு ஒழுங்காக நிறுத்தியிருந்தது. சாவி அதிலேயே இருந்தது. ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கியது. அதற்குள் கையுறைகள், ஒன்றுக்குள் ஒன்றாக.

பள்ளத்தில் நொறுங்கிக் கிடந்திருந்தால்கூட மெரின் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். இந்தக் குளிரில் யார் கையுறையைக் கழற்றுவார்கள்? கழற்றியதை யார் இப்படி அடுக்கி வைப்பார்கள்?

"அப்பா!" டாலியா கத்தினாள். நீரின் மேல் போய், பனிமூட்டத்தில் முட்டி, குரல் திரும்பி வந்தது.

"அம்மா, இங்க பாரு."

வெளுத்த புல்லின் மேல் கரும்பச்சையாகக் காலடித் தடம் போனது. ஆடும் மாடும் நடக்காத இடம். ஒரே ஒரு ஆளின் தடம். நேராகத் தண்ணீரை நோக்கி.

மெரின் ஓடினாள். கனத்த ஜாக்கெட்டும் பூட்ஸும் இழுத்தன. சட்டைக்குள் செய்தித்தாள் சரசரத்தது. மகளை முன்னால் போகவிடக் கூடாது என்ற நினைப்பு ஒன்றுதான் இருந்தது. டாலியாவின் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினாள். "அங்கயே நில்லு! வராதே!"

"ஏன்? அவரு எனக்கும் அப்பாதான்!"

கரையோரத்து வில்லோ மரத்தடியில் கிடந்தான் லீத். பக்கவாட்டில் சுருண்டு, ஒரு கன்னம் மண்ணில். உதடு நீலம் பாரித்திருந்தது. வாயோரம் ரத்தம். நாக்கைக் கடித்திருந்தான்.

"லீத். லீத்! என்னப் பாரு."

மார்பில் காதை வைத்தாள். அவளுடைய இதயம்தான் காதில் அடித்தது. மூக்கின் கீழே விரலை வைத்தாள். விரல் மரத்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கன்னத்தை வைத்தாள். மெல்ல, மிக மெல்ல, ஒரு சூடு.

"இருக்கான்! டெஸ், இருக்கான்! ஆம்புலன்ஸ்!"

"இங்க சிக்னல் இல்லம்மா, நான் ரோட்டுக்குப் போறேன்!" கூனல் முதுகோடு அந்த மனிதர் ஓடிய ஓட்டத்தை வேறு ஒரு நாளாக இருந்தால் சிரிக்காமல் பார்த்திருக்க முடியாது.

மெரின் அவனைப் புரட்டியபோதுதான் பார்த்தாள். கால்சட்டை தொடைக்கு மேல்வரை நனைந்து, துணி விறைக்க ஆரம்பித்திருந்தது. மரத்தடியிலிருந்து தண்ணீர் பத்தடி தள்ளி இருந்தது. உறைபனிப் புல்லில் நடந்தால் கணுக்கால் நனையும். தொடை நனையாது.

டாலியா வந்துவிட்டாள். மெரின் தன் ஜாக்கெட்டை உருவி அவன் கால்களின் மேல் போட்டு மறைத்தாள். "சீட்டு மேல இருக்கிற ஆட்டுத்தோல எடுத்துட்டு வா. ஓடு" என்றாள். மகள் திரும்பி வருவதற்குள் ஈரத்துணியை உருவி எறிந்துவிட்டு, ஜாக்கெட்டால் இறுக்கச் சுற்றிவிட்டாள். பிறகு அவன் மேல் அப்படியே படுத்துக்கொண்டாள். ஆட்டுத்தோலை மேலே போட்டுவிட்டு டாலியா மறுபக்கம் ஒட்டிக்கொண்டாள்.

"அப்பா, பேசுப்பா. ஏதாவது பேசு."

கண் திறந்தது. பார்வை எங்கேயோ இருந்தது. வலிப்புக்குப் பிறகு அப்படித்தான், ஆள் திரும்பி வரக் கொஞ்ச நேரமாகும்.

"ரப்பர் எரியற வாசனை வந்துச்சு," என்றான் குழறலாக. வலிப்பு வருமுன் அவனுக்கு எப்போதும் வரும் வாசனை அது. "ஓரமா... நிறுத்தினேன்."

"நல்ல வேலை பண்ணினேப்பா," டாலியா அழுதுகொண்டே அவன் தலையைத் தடவினாள். "நிறுத்தினியே, அதுவே போதும்."

மெரின் அவன் காலைச் சுற்றியிருந்த ஜாக்கெட்டை இன்னும் இறுக்கினாள்.

"வாரிக்," என்றான் லீத். "வாரிக்கிட்ட..."

வாரிக் அவனுடைய அண்ணன். அப்பா செத்ததும் நிலத்தை விற்பதில் வந்த தகராறில், அண்ணன் தம்பிக்குள் பேச்சே நின்று பல வருஷம். கிரெட்னாவுக்கு இந்தப் பக்கம், இந்த ஏரியிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வீடு. அப்பாவின் பிக்கப் வண்டி அவனிடம்தான் இருந்தது.

"பெரியப்பாகிட்ட வண்டி கேக்கப் போயிருக்காரு," என்றாள் டாலியா. "அம்மா, உனக்காக. நீ பைக்குல போகக் கூடாதுன்னு."

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மெரினும் நினைத்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள் என்பது இன்னும் சரி.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சூரியன் எழுந்துவிட்டது. இறங்கி வந்த பெண் திடமானவள். வேலை செய்துகொண்டே பேசினாள். "நாடி பரவாயில்ல. உடம்பு ரொம்பக் குளிர்ந்திருக்கு. ஹோபார்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடறோம். ஒருத்தர் கூட வரலாம்."

லீத் டாலியாவின் விரலைப் பிடித்த பிடியை விடவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போதும் விடவில்லை.

"நீ போ," என்றாள் மெரின்.

"அம்மா, நீ வரலியா?"

"அங்கேர்ந்து திரும்ப வர வண்டி வேணாமா? டெஸ் வர முடியாது, படுக்கையில கெடக்கிற சம்சாரத்த விட்டுட்டு வந்திருக்கார். நான் பெரியப்பாகிட்ட வண்டிய வாங்கிட்டு நேரா வர்றேன்."

உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அந்தப் பெட்டிக்குள், அவன் முகத்துக்கு நேரே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், மகள் முன்னாலேயே கேட்டுவிடுவோம் என்று பயந்தாள். தண்ணீருக்குள் எதுக்கு இறங்கினே என்று.

ஆம்புலன்ஸ் போனதும் ஹெல்மெட்டை எடுத்தாள்.

டெஸ் பதறினார். "அந்தக் கையோடயா? வேணாம்மா. நான் அங்க கொண்டுபோய் விடறேன்."

"நீங்க வீட்டுக்குப் போங்க டெஸ். எட்னா தனியா இருப்பாங்க. பக்கத்துலதான்."

"பிடிவாதம்," என்று முனகியவர், மழைக்கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். அவளுடைய ஜாக்கெட் லீத்தோடு போய்விட்டிருந்தது. பைஜாமாவோடு நின்று, அவள் ரோட்டில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

க்ளட்ச் இடது கையில். விரல் மடங்கவில்லை. லிவரின் மேல் கையைக் கொக்கி மாதிரி மாட்டி, தோளையே பின்னால் இழுத்துத்தான் முதல் கியரைப் போட்டாள். வலியில் கண் இருண்டது. இரண்டாவது கியருக்குப் போனதும் இனி மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தாள். இன்ஜின் அலறியது. மழைக்கோட்டுக்குள் காற்று புகுந்து கத்தியாகக் கிழித்தது. குன்றின் நிழல் விழுந்த சரிவில் ரோடு இன்னும் பளபளத்தது. அங்கே பிரேக்கைத் தொடாமல், மூச்சுவிடாமல், சாய்க்காமல், தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்திருப்பவள் மாதிரி போனாள். பின்னால் வந்த மரக்கட்டை லாரி ஹாரனை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் தாண்டியது. அதன் காற்று பைக்கை ஒரு முழம் தள்ளியது. ஒரு காலத்தில் லீத் ஓட்டியது மாதிரியான லாரி.

பின்சக்கரம் ஒருமுறை நழுவியது. தானாகவே பிடித்துக்கொண்டது. அழுகிறோம் என்பதே கண்ணாடி மங்கியபோதுதான் தெரிந்தது.

வாரிக் வீட்டு வாசலில் ஏறும்போது அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். சிவப்பு பைக்கைப் பார்த்ததும் கோடரியைக் கட்டையில் குத்திவிட்டு வேகமாக நடந்து வந்தான்.

"டேய், மறுபடியும் எதுக்குடா வந்தே? ஒரு தடவ சொன்னா உனக்கு மண்டையில ஏறாதா?"

மெரின் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள்.

வாரிக் நின்ற இடத்திலேயே நின்றான்.

"மறுபடியுமா?" என்றாள் அவள். "லீத் இங்க வந்தானா?"

"விடியறதுக்கு முன்னாடி. கதவத் தட்டி எழுப்பினான். ஏன், என்னாச்சு?"

"உங்க வண்டியக் கேட்டானா?"

"வண்டியா? இல்லியே." வாரிக்கின் முகத்திலிருந்து கோபம் இறங்கி, வேறு ஏதோ ஏறியது. "வண்டியக் கேக்கல. உன்னையும் டாலியாவையும் இங்க வச்சுக்கறியான்னு கேட்டான். பின்கட்டு அறைய அவங்களுக்குக் குடு, புள்ள படிச்சு முடிக்கற வரைக்கும் பாத்துக்கன்னான். அப்ப நீ எங்கடா போறேன்னு கேட்டேன். பதில் சொல்லல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் விறகைப் பார்த்தான்.

"வாரிக். என்ன சொன்னீங்க?"

"உன் பொண்டாட்டி புள்ளைய நீயே பாத்துக்கடான்னேன். இத்தன வருஷமா அண்ணன் ஞாபகம் வரலியான்னேன்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "கதவச் சாத்திட்டேன்."

மெரின் பைக்கிலிருந்து இறங்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு கைகளும் கைப்பிடியோடு விறைத்துப் போயிருந்தன, விரல்கள் திறக்க மறுத்தன. வாரிக் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். இடது கையைத் தொட்டதும் அவள் வீறிட்டாள். ஒட்டிக்கொண்டிருந்த கம்பளியை விலக்கிப் பார்த்தவனின் முகம் மாறியது.

"இது பிசகல் இல்ல மெரின். எலும்பு போயிருக்கு. இத வச்சுக்கிட்டா இத்தன நாளும் ஓட்டினே?"

"வேற எத வச்சு ஓட்டறது?"

"யாராச்சும்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"அதான் கேட்டானே," என்றாள் மெரின். "இன்னிக்குக் காலைல."

அவள் நடந்ததைச் சொன்னாள். பைக், ஹெல்மெட், புல்லில் தடம், வில்லோ மரம், ஆம்புலன்ஸ். நனைந்த துணியை மட்டும் சொல்லவில்லை. வாரிக் உள்ளே போய்ச் சாவியோடு வந்தான். நீட்டிய சாவியை அவளால் பிடிக்க முடியவில்லை.

"கியர் போடக்கூட உன்னால ஆகாது. நான் ஓட்டறேன்."

அவனுடைய முகத்தை லீத் இன்று பார்க்க வேண்டாம் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் வேறு வழி?

"ஓட்டுங்க," என்றாள். "பேசாதீங்க."

மாமனாரின் வண்டியில் ஹீட்டர் வேலை செய்தது. சூடான காற்று காலில் பட்டதும் உடம்பு உதற ஆரம்பித்தது. பல் கிட்டியது. மூன்று மாதமாக இந்த ரோட்டில் இல்லாத சூடு. அதை வெறுத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆடுகள் வெள்ளைப் புல்லில் மூக்கால் துழாவிக்கொண்டிருந்தன. வாரிக் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சொன்னபடியே வாய் திறக்காமல் ஓட்டினான். ஒருமுறை மட்டும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நியூ நார்ஃபோக் நெருங்கும்போது போன் அடித்தது. டாலியா.

"அம்மா, இன்னும் ஆம்புலன்ஸ்லதான் இருக்கோம். அப்பா நல்லா முழிச்சுட்டார். என் பேரு, உன் பேரு, தேதி எல்லாம் சரியா சொன்னார்." குரலில் அப்படி ஒரு நிம்மதி. "ஆனா ஒண்ணையே திரும்பத் திரும்பக் கேக்கறார்மா. நீ பெரியப்பா வீட்டுக்குப் போனியான்னு. போகாம இருந்தா போக வேணாம்னு சொல்லச் சொல்றார். என்ன சொல்லட்டும்?"

வாரிக்குக்கும் அது கேட்டிருக்க வேண்டும். வண்டி மெல்ல வேகம் குறைந்தது.

"போனேன்னு சொல்லு," என்றாள் மெரின். "பெரியப்பாதான் ஓட்டிட்டு வர்றார்னு சொல்லு. ரெண்டு பேரும் வந்துட்டிருக்கோம்னு சொல்லு."

"சரிம்மா."

"டாலியா. அவர் கைய விட்டுடாதே."

"விடல. அவருதான் விட மாட்டேங்கறாரு."

"அந்த ஆம்புலன்ஸ் அக்காகிட்ட போனக் குடு. குடுத்துட்டு நீ அப்பாகிட்ட பேசிட்டு இரு."

"எதுக்கும்மா? என்னாச்சு?"

"குடு கண்ணு."

போன் கைமாறும் சத்தம். இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே டாலியா அப்பாவிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு அந்தத் திடமான பெண்ணின் குரல். "சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க, வலிப்பு அடங்கிடுச்சு."

சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். சொல்லாவிட்டால் மருந்து மாத்திரையோடு சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாளை மறுபடியும் விடிவதற்கு முன்னால், மறுபடியும் உறைபனி.

"அது வலிப்பு மட்டும் இல்லீங்க," என்றாள். "என் புருஷன் இன்னிக்கு ஏரிக்குள்ள நடந்து போயிருக்கார். வலிப்பு வந்ததுனால இல்ல. வலிப்புக்கு முன்னாடியே. எங்கள அவங்க அண்ணன்கிட்ட ஒப்படைக்கப் பாத்துட்டுத்தான் போயிருக்கார். ஆஸ்பத்திரியில சொல்லிடுங்க. அவர ஒரு நிமிஷம்கூடத் தனியா விட வேணாம்னு சொல்லிடுங்க."

வாரிக் வண்டியை ரோடோரம் இறக்கி நிறுத்தினான். ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின.

மெரின் தன் நல்ல கையை நீட்டி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அழறதெல்லாம் அப்புறம் வாரிக்," என்றாள். "வண்டிய எடுங்க."